ஹத்து என்றால் பத்து

காந்தாக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, பண்ணையில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு வருகிற இடத்தில் அடக்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

1999 ஜனவரி. அப்போது பெங்களூர் பீன்யாவில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், இரண்டு வெல்டிங் செட், மழை வந்தால் ஒழுகும் தகரக் கூரை, வாசலில் 'சரவணன் எஞ்சினியரிங்' என்று ஒரு பலகை. கம்பெனிகளுக்குக் கன்வேயர் செய்து கொடுப்பதுதான் தொழில். பிஸ்கட், சோப்பு, பாட்டில், எது வந்தாலும் என் பெல்ட்டில் ஏறிப் போகும். ஒருநாள் சேஷகிரி என்கிற பெரியவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "காய்ஞ்ச புல்லு போகுமா?" என்று கேட்டார். "ஆனையே போகும் சார்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சேஷகிரி ஒரு பெரிய தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், தமிழும் தட்டுத்தடுமாறிப் பேசுவார். பொம்மனஹள்ளி தாண்டி, ஓசூர் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவருக்கு நிலம் இருந்தது. பதினாறு குதிரைகளை வைத்துக் குதிரையேற்றப் பள்ளி நடத்திவந்தார். அந்தப் பதினாறின் வயிற்றுக்காக ஆறு ஏக்கரில் புல். அறுத்து, வெயிலில் காயவைத்து, பேலர் என்ற இயந்திரத்தை டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டுவார்கள். அது தரையில் கிடக்கும் புல்லை வாரி விழுங்கி, அழுத்தி, இரண்டு கயிறு கட்டி, செங்கல் மாதிரிக் கட்டுகளாகப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், பதினாறு கிலோ எடை. அந்தக் கட்டுக்குப் பேல் என்று பெயர்.

ஒரு அறுப்புக்கு எழுநூறு பேல். கட்டுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. வயல் முழுக்கச் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி, டிரெய்லரில் ஏற்றி, அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஷெட்டில் சேர்ப்பதற்குத்தான் ஒரு வழியும் சரிப்பட்டு வரவில்லை. அதற்கு என்ன சாதனம் வாங்கலாம், எதைச் செய்யச் சொல்லலாம் என்பதுதான் அவருக்கு அந்த வருஷத்துப் பெரிய கவலை.

நான் அளவெடுக்கப் போன அன்று டிராக்டர் டிரைவர் சீனு வண்டியை வயல் நடுவில் நிறுத்திவிட்டு, "காந்தக்கா! ஹத்து, ஹத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினான். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கேட்டதற்கு அடையாளமாகத் தலையை ஆட்டினாள். பிறகு அவசரமே இல்லாமல் சுற்றிலும் கிடந்த பேல்களைக் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து ஓரிடத்தில் சேர்த்தாள். பத்து சேர்ந்ததும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, "பத்து கீதுப்பா. எண்ணிக்கோ" என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் இதுதான்: கன்னடத்தில் ஹத்து என்றால் பத்து. ஏறு என்று சொல்வதற்கும் அதே ஹத்துதான். சீனு டிரெய்லர் மேல் ஏறச் சொல்கிறான், இவள் பத்து பேல் சேர்த்துக் கொடுக்கிறாள்.

"போன அறுப்புலேருந்து இதே கதை சார்" என்றான் சீனு என்னிடம். அவன் தமிழில் பாதி கன்னடம். "நான் ஹத்துன்னா அவங்க பத்துன்றாங்க. கிவியும் சரியில்ல, கன்னடமும் சரியில்ல."

கிவி என்றால் காது. நான் அந்த அம்மாளிடம், "ஏன்கா, பெங்களூர் வந்து எத்தினி வருஷமாச்சு?" என்று கேட்டேன்.

"பொறந்ததே தொம்மலூர்தான் தம்பி" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். மறுபடி ஒரு சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

ஏறுவதற்கு வேறு ஆளா இல்லை, ஏன் அவளையே கூப்பிட வேண்டும் என்று கேட்கலாம். டிரெய்லரில் பேல் அடுக்குவது எல்லோருக்கும் வருகிற வேலை இல்லை. கீழே இருப்பவர்கள் தூக்கிப் போடுவதை மேலே நிற்பவர் வாங்கி, ஐந்து வரிசை உயரத்துக்கு அடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கேட்டுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் மொத்தமும் சரிந்துவிடும். காந்தாக்கா அடுக்கினால் சரியாது. மற்றவர்கள் அடுக்கினால் சரியும். அந்த ஜனவரியில் மேலே நின்றவள் பிரிஜெட் என்ற இளம்பெண். நல்ல பலசாலி, ஆனால் அவள் அடுக்கியது ஷெட்டுக்குப் போனதைவிட ரோட்டில் இறங்கியதுதான் அதிகம். ஒவ்வொரு முறை சரியும்போதும் சீனு தலையில் அடித்துக்கொண்டு, "காந்தக்கா, நீயே ஹத்து!" என்பான். காந்தாக்கா உடனே இன்னொரு பத்து சேர்ப்பாள்.

அவள் கதையை அப்புறம் அவளே பல தடவையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பா குடியாத்தத்திலிருந்து பிழைக்க வந்தவர். இவள் பதினான்கு வயதிலேயே தொம்மலூரைச் சுற்றிப் புல் அறுத்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவந்தாள். "இப்ப கண்ணாடி பில்டிங் கீதே, அது நான் புல்லு அறுத்த எடம். மேல அஞ்சாவது மாடில உக்காந்துகினு இன்னாத்த அறுக்கறாங்களோ" என்பாள். கல்யாணமான பிறகு பத்து வருஷம் செங்கல் லாரியில் லோடு ஏற்றும் வேலை. புருஷன் இளங்கோவன் பெயின்டர். அவருக்கு நாள் முழுக்க ஏணி மேல் வேலை, இவளுக்கு லாரி மேல். "தரைல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறதே ஞாயித்துக்கெழமதான்" என்று சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். செங்கல்லை ஒன்றின் மேல் ஒன்று பிடிப்பாக அடுக்கிப் பழகிய கைதான் பேலையும் அடுக்கியது. சேஷகிரி பேலர் வாங்கிய முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, இந்த வேலையில் அவள் சொல்கிறபடி எல்லோரும் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவளைப் பற்றி யாரும் அதற்கு முன்னால் எந்த வேலையிலும் அப்படிச் சொன்னதில்லை.

சேஷகிரிக்கு அமெரிக்காவில் ஒரு மகன். அவன் அனுப்பிய கேட்டலாக்குகளை மேஜை மேல் பரப்பி எனக்குக் காட்டினார். ஒன்றில் டிராக்டரின் முன்னால் பெரிய இரும்புக் கை, எட்டு பேலை ஒரே பிடியாகக் கவ்வித் தூக்கியது. இன்னொன்றில் ஒரு வண்டி தானே பொறுக்கி, தானே அடுக்கி, தானே கொண்டுபோய் இறக்கியது. எந்தப் படத்திலும் ஒரு மனிதர்கூட இல்லை. அந்த ஊரில் புல் தானாகவே நடந்து வீட்டுக்குப் போகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தக் கை நம்ம டிராக்டருக்கு ஆகாது சார்" என்றேன். "முப்பத்தஞ்சு குதிரைச் சக்தி. முன்னால எட்டு பேலத் தூக்குனா பின்சக்கரம் எந்திரிச்சிரும். இந்த வண்டி உங்க கேட்டுக்குள்ளயே நுழையாது."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"நான் ஒண்ணு செஞ்சு தர்றேன்."

டிரெய்லரின் பக்கவாட்டில் சாய்வாக மாட்டுகிற ஒரு சங்கிலி ஏணி. அதுதான் என் யோசனை. கீழ்முனை தரையை ஒட்டிப் போகும். வழியில் கிடக்கும் பேலைச் சங்கிலியில் இருக்கும் கொக்கிகள் பிடித்து இழுத்து, மேலே கொண்டுபோய் டிரெய்லருக்குள் தள்ளும். மோட்டார்கூட வேண்டாம், அதன் சொந்தச் சக்கரம் உருண்டாலே சங்கிலி சுற்றும். சேஷகிரிக்குக் கண் மின்னியது. மார்ச் அறுப்பில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். நான் பேலை நான்கு பக்கமும் அளந்தேன், டிரெய்லரை அளந்தேன், தரையின் மேடுபள்ளத்தை அளந்தேன். மேலே நிற்கப் போகிற ஆளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் ஏணி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஒன்று வந்து நின்றது. ஒரு அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினாள். இடது கால் தரையைத் தொட்டுவிட்டது, வலது கால் இன்னும் படியில். அது மடங்கவில்லை. அதற்குள் கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர்ந்துவிட்டது. கம்பியோடு நாலு எட்டு நொண்டிக்கொண்டே போனவள் எப்படியோ காலை உருவி எடுத்தாள். பஸ் நின்றது.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கன்னடம். கண்டக்டரின் விசில், அவனுடைய அவசரம், அவன் இப்படி ஓடிப்போய் எந்த ராஜ்யத்தைப் பிடிக்கப்போகிறான், அவனைப் பெற்ற தாய்க்கும் முட்டி வலி வந்தால் இப்படித்தான் இழுத்துக்கொண்டு போவானா என்று மூச்சு விடாமல், இலக்கணம் பிசகாமல், கேட்கவே அழகான கன்னடம். கண்டக்டர் கை கூப்பினான். பஸ்ஸுக்குள் இருந்த ஒருவர் கை தட்டினார்.

அது காந்தாக்கா.

என்னைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். முகத்தில் திருட்டு முழி.

"ஏன்கா" என்றேன், "இந்தக் கன்னடம் போன மாசம் எங்க போயிருந்துச்சு?"

"மாட்டிகினேன்" என்று சொல்லிவிட்டு, வலியோடும் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்காரும்போதும் வலது காலை மடக்காமல் நீட்டித்தான் வைத்தாள். அப்போது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பண்ணையில் நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என்னைத் தேடித்தான் பீன்யா வரை வந்திருந்தாள். அவளாகவே சொன்னாள். நவம்பர் அறுப்பின் முதல் நாள் டிரெய்லரிலிருந்து குதித்தபோது முட்டியில் டக்கென்று ஒரு சத்தம். டாக்டர் பார்த்துவிட்டு, ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது, குந்தக் கூடாது என்றார். நிற்கலாம், நடக்கலாம், இழுக்கலாம். மறுநாள் சீனு "ஹத்து" என்று கத்தினான். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவளுக்கு அந்த நிமிஷத்தில் பத்து கைகொடுத்தது.

"சேஷகிரி சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? நல்ல மனுஷனாச்சே."

"நல்ல மனுஷந்தான். அதான் பயம். திட்ட மாட்டாரு, வெரட்ட மாட்டாரு. 'ரெஸ்ட் எடுத்துக்கோ'ம்பாரு. முதுகு புடிச்சிகிச்சுன்னு ரெஸ்ட்டுக்கு அனுப்புன முனியப்பா ரெண்டு வருஷமா ரெஸ்ட்லயேதான் கீறான்." டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தாள். "எனக்கு அந்த வேலை வேணும் தம்பி. சோத்துக்கு மட்டும் சொல்லல. இங்க வை, அங்க வைன்னு நான் சொல்லி நாலு பேரு கேக்கறது அங்க மட்டுந்தான்."

"நான் இன்னா பண்ணணும்?" என்றேன்.

"நீ செய்யற ஏணி வந்தா கீழ ஆளே வேணாமாம், எல்லாரும் மேலயாம். சீனு சொன்னான். அப்ப நான் பத்துன்னு எத்தச் சேக்கறது? மேல ஏறாம நான் அடுக்கறாப்பல ஒண்ணு செஞ்சு குடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மாசம் ராப்பகலாகச் செய்த ஏணி பட்டறையில் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. "மேல ஏறாம மேல எப்பிடிக்கா அடுக்குவே? மந்திரமா?"

"அது உன் வேல. ஆனையே ஏத்துவேன்னியாமே, சாரு சொன்னாரு."

சொன்னது நான்தானே. அவள் டீக்கடைக்காரரிடம் தீப்பெட்டிப் பொட்டலம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிரித்தாள். "இதான் பேல்" என்று பெஞ்சில் அடுக்க ஆரம்பித்தாள். முதலில் ஐந்து ஜோடி, எல்லாம் குறுக்கே. அதற்கு மேல் எட்டு நெடுக்கே, கடைசியில் ஒரு ஜோடி குறுக்கே. அப்புறம் மறுபடி ஐந்து ஜோடி குறுக்கே. மேல் பெட்டி கீழே இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. பெஞ்சை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கடைக்காரர்தான் எங்களை முறைத்தார்.

"ஒரு வரிசைக்கு எத்தினி?"

"பத்து."

"நெஜப் பத்தா, நீ சீனுகிட்ட சொல்ற பத்தா?"

"ரெண்டும் ஒண்ணுதான். இல்லாட்டி சும்மாவா பத்து சேத்தேன்? ஒரு குவியல் எடுத்தா மேல ஒரு வரிசைக்கு ஆச்சு. அந்தப் பிரிஜெட்டு பொண்ணு அத்தக் கவனிச்சாத்தானே!"

அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. பேல் சிதறி விழுந்தால்தானே பொறுக்க வேண்டும்? பேலரின் வாயிலேயே ஒரு ஆள் நின்று, விழ விழப் பத்துப் பத்தாக அடுக்கிவிட்டால்? கீழே ஒரு வரிசை எப்படி இருக்கிறதோ, மேலே இருப்பவர் அதை அப்படியே திருப்பி வைத்தால் போதும். மேலே நிற்பவருக்கு மூளை வேண்டாம், கை இருந்தால் சரி. மூளை கீழேயே இருக்கும்.

பட்டறைக்குப் போய் அன்றே வேலையைத் தொடங்கினேன். சக்கரம் இல்லாத ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆறரை அடி அகலம், பத்தடி நீளத்துக்கு வழுவழுப்பான இரும்புத் தகடு. முன்பக்கம் மேல்நோக்கி வளைத்துவிட்டேன், மண்ணில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வரும். தரையிலிருந்து இரண்டு அங்குலம்தான் உயரம், எந்த முட்டியும் ஏறிவிடும். பேலருக்குப் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். முன்னால் இரண்டடி நிற்கும் இடம், பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் ஒரு பைப்பு. தகட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு கீறல் விட்டேன். பத்து சேர்ந்ததும் அதன் வழியாகக் கடப்பாரையை மண்ணில் ஊன்றினால், பேல்கள் கடப்பாரையில் முட்டி அங்கேயே நிற்கும், தகடு முன்னால் நகர்ந்துவிடும். குலையாமல் ஒரு வரிசை தரையில் வந்து இறங்கும். செய்து முடித்தபோது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஏணிக்குப் பக்கத்தில் வைத்தால் யாரோ விட்டுப்போன கதவு மாதிரி இருந்தது. எனக்கே எரிச்சலாக இருந்தது.

மார்ச் இரண்டாம் வாரம் இரண்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனேன். சேஷகிரி தகட்டைப் பார்த்து, "இது பேக்கிங்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார், இதுவும் சாதனந்தான். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க."

முதல் நாள் ஏணி. பெருமைக்குச் சொல்லவில்லை, என் ஏணி ஜம்மென்று வேலை செய்தது. ஒரு பேலைக்கூடத் தவறவிடவில்லை. கொக்கி பிடித்தது, சங்கிலி இழுத்தது, பேல் மேலே போய் விழுந்தது. ஆனால் விழுந்துகொண்டே இருந்தது. மேலே பிரிஜெட்டும் இன்னொரு பெண்ணும் வாங்கி முடிப்பதற்குள் அடுத்தது தலையில் வந்து இடித்தது. "நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்க!" என்று பிரிஜெட் கத்த, டிராக்டர் சத்தத்தில் சீனுவுக்கு எங்கே கேட்கப் போகிறது? அன்றைக்கு ஏழு லோடில் மூன்று அந்தத் திருப்பத்தில் சரிந்தது. சீனு "காந்தக்கா, ஹத்து!" என்று கத்திக்கொண்டே இருந்தான். காந்தாக்கா சரிந்ததிலிருந்து பத்துப் பத்தாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டே இருந்தாள். சேஷகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கும் இப்படி சரிஞ்சா, மேல நிக்க வேற ஆள் பார்க்கணும்" என்றார். காந்தாக்காவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டாம் நாள் தகடு. காந்தாக்கா இரண்டு அங்குலம் ஏறி, பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேலர் நகர்ந்தது. முதல் பேல் தகட்டில் வந்து விழுந்தது. அவள் தூக்கவில்லை. கயிற்றில் விரலை விட்டு ஒரு இழுப்பு, பேல் வழுக்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு. பத்து ஆனதும் கடப்பாரையை ஊன்றினாள். ஒரு வரிசை அப்படியே தரையில் இறங்கியது. அடுத்த வரிசையில் எட்டு நெடுக்கே, இரண்டு குறுக்கே. அதற்குள் அவளுக்குப் பாட்டு வந்துவிட்டது.

வாடகைக்கு எடுத்த இன்னொரு டிராக்டரில் சீனு டிரெய்லரைப் பின்னாலேயே ஓட்டி வந்தான். முந்தின நாள் பேலுக்குப் பேல் நகர்ந்த வண்டி இன்று பத்துக்கு ஒரு முறை நின்றால் போதும். காந்தாக்கா தகட்டிலிருந்தே, "பிரிஜெட்டு, கீழ எப்பிடி கீதோ அப்பிடியே மேல வை. உன் புத்திய ஒண்ணும் போடாத!" என்று குரல் கொடுத்தாள். பிரிஜெட் முகத்தைச் சுளித்தாள், ஆனால் அப்படியே வைத்தாள். முதல் லோடு திருப்பத்துக்கு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றும் இல்லை. திறந்து பார்த்தால் ஐம்பது பேலும் சுவர் மாதிரி நின்றபடி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சீனு ஹாரனை அழுத்தோ அழுத்து என்று அழுத்தினான்.

ஏழு லோடும் அப்படியே போயின. ஒன்றுகூடச் சரியவில்லை. மூன்றரை மணிக்கெல்லாம் வயல் சுத்தம்.

சேஷகிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தகடுதான், அதையே வைத்துக்கொள்கிறேன் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, ஏணியையும் விடப் போவதில்லை, ஷெட்டில் பரணுக்குப் பேல் ஏற்ற அது சரியாக இருக்கும் என்றார். வேறு எந்தப் பண்ணையில் கேட்டாலும் நானே சிபாரிசு செய்கிறேன் என்று வேறு சொன்னார். பிறகு உள்ளே ஓடிப்போய்க் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார். கடைசி லோடு நிற்கிறது, அதன் உச்சியில் காந்தாக்கா நிற்க வேண்டும், படத்தை மகனுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கேட்டலாக் படங்களுக்கு இதுதான் பதில் என்றார்.

"கீழயே நிக்கட்டும் சார், வெளிச்சம் நல்லா இருக்கு" என்றேன் அவசரமாக.

"கீழ நின்னா யாரு பார்ப்பாங்க? மேல நிக்கணும்!"

சீனு டிரெய்லர் பக்கத்தில் போய், கையைத் தூக்கி, முழுக் குரலில் "காந்தக்கா, ஹத்து!" என்றான். எல்லோரும் வரப்போகும் சிரிப்புக்காக இப்போதே வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

காந்தாக்கா வழக்கம்போலத் திரும்பி வயலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தரையில் ஒரு பேல்கூட மிச்சமில்லை. பத்து என்று சேர்ப்பதற்கு அந்த ஆறு ஏக்கரில் ஒன்றுமே இல்லை. வேலையை அவ்வளவு சுத்தமாக அவளே முடித்திருந்தாள்.

பிறகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நனகே ஹத்தக்கே ஆகல்ல சார்" என்றாள். என்னால் ஏற முடியாது சார். அதற்கு மேலும் தெளிவான, திருத்தமான கன்னடத்திலேயே பேசினாள். நவம்பரில் முட்டி போய்விட்டது, டாக்டர் ஏறக் கூடாது என்றார், ஹத்து என்றால் ஏறு என்று எனக்கு அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும் என்றாள்.

பிரிஜெட்டின் திறந்த வாய் மூடவில்லை. சீனு முதலில் விழித்தான், பிறகு கொதித்தான். "அஞ்சு மாசமா என் தொண்டைய வாங்கிட்டியே காந்தக்கா! முட்டி நோவுன்னு ஒரு மாத்து, ஒரே வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் கத்தறேன்? தினமும் உன்ன வெச்சு சிரிச்சேனே, பாவி நான்!" என்று ஏதேதோ சொல்லிவிட்டு டிராக்டர் சக்கரத்தை உதைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. கோபப்படுவதுபோல அதை மறைத்தான்.

சேஷகிரி கேமராவை இறக்கினார். "ரெஸ்ட்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து பாதி வந்துவிட்டது. காந்தாக்கா தலை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த வார்த்தையை முடிக்கவில்லை.

"ஏன் சொல்லல?" என்று தமிழில் கேட்டார்.

"சொல்லியிருந்தா, மறுநாள் என்ன வரச் சொல்லியிருப்பீங்களா சார்?"

நல்ல மனிதர் என்று காந்தாக்கா சொன்னது பொய்யில்லை. வேறு யாராவது என்றால், ஏன் சொல்ல மாட்டேன், கட்டாயம் சொல்லியிருப்பேன் என்று மழுப்பியிருப்பார்கள். அவர் யோசித்தார். தரையைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

அவள் தலையாட்டினாள். குற்றம் சொல்கிற தலையாட்டல் இல்லை. அவ்வளவுதான் சார் விஷயம் என்பது மாதிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பு கிடந்த இடத்துக்கு நொண்டிக்கொண்டே நடந்தாள். அன்று முதல்முறையாக நொண்டுவதை மறைக்காமல் நடந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

"காந்தம்மா" என்று கூப்பிட்டார் சேஷகிரி. "நாளெ பா. மேலே ஏற வேண்டாம். ஷெட்டுல கீழே நின்னா போதும், அடுத்த அறுப்புல தட்டுல. எங்க வைக்கணும், எப்படி வைக்கணும், நீ சொல்லு."

நாளெ பா என்றால் நாளைக்கு வா. காந்தாக்கா நின்றாள். உடனே திரும்பவில்லை. திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"பர்த்தீனி சார்" என்றாள்.

கன்னடத்தில் கிளம்பும்போது எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், நாம் வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. வருவேன் என்றுதான் அதற்கு அர்த்தம், ஆனால் யாரும் அதை நினைத்துச் சொல்வதில்லை. காந்தாக்கா அன்று நினைத்துச் சொன்னாள்.